வெற்றுத் தாளில் வந்த விரல்

ஆய்வுகூடத்துப் பிரீசரில் நான் வைத்திருந்த வடிதாள்களில் ஒன்றைக் காணவில்லை. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

வடிதாள் என்பது பிஸ்கட் அளவு வட்டமான வெள்ளைத் தாள். பக்டீரியா வளரும் திரவத்தை அதன் வழியே உறிஞ்சினால் திரவம் கீழே போகும், பக்டீரியா மேலே தங்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு தாள்கள் எடுப்பேன். ஒன்றை உடனே பயன்படுத்துவேன். ஏதும் பிழை வந்தால் திரும்பச் செய்து பார்க்கலாம் என்று மற்றதைச் சிறிய கண்ணாடிக் குப்பிக்குள் போட்டு உறைய வைப்பேன். அன்று ஒரு குப்பியை எடுத்தபோது மூடி இறுக்கமாக மூடியிருந்தது. பெயர்ச்சீட்டும் என் கையெழுத்தில் அப்படியே இருந்தது. உள்ளே தாள் மட்டும் இல்லை.

முதலில் என்னையே சந்தேகித்தேன். வெறும் குப்பிக்குச் சீட்டு ஒட்டியிருப்பேனோ என்று யோசித்தேன். களைத்துப்போன ஒரு பின்னேரத்தில் அப்படி நடந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளைச் சாவணத்தின் இரு முனைகளால் பிடித்து மடித்து உள்ளே போட்டது எனக்கு நினைவிருந்தது. மடிக்கும்போது ஓரம் கிழிந்து, அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டதும் நினைவிருந்தது.

எங்கள் ஆய்வுகூடம் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் பழைய கட்டடமொன்றின் மேல்மாடியில் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் மூன்று பேர்தான். நான், என் ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர், கிண்ணியாவிலிருந்து நாளும் பஸ்ஸில் வந்துபோகும் இன்னோர் ஆய்வாளர். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். அவருடைய ஊரில் அக்காவை ராத்தா என்று அழைப்பார்கள் என்பதால் நானும் ராத்தா என்றே அழைத்தேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். இறக்கக்கண்டிக் கரையில் காயும் கருவாட்டைப் பழுதாக்கும் பக்டீரியாவைப் பற்றி அவர் ஆராய்ந்தார். என்னுடையது துறைமுகத்துச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த பக்டீரியா. இருவருக்கும் ஒரே மேசை. அவருக்கு யன்னல் பக்கம், எனக்குச் சுவர்ப் பக்கம்.

என் வேலை என்னவென்று வீட்டில் கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். ஒரே கலம் கொண்ட பக்டீரியா வளரும்போது தன் உடம்பைத் தானே கட்டுகிறது. அதற்கான கற்கள் அமினோ அமிலங்கள். சுவராகிவிட்ட கற்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இன்னும் சுவரில் ஏறாமல் கலத்துக்குள் தனியாகக் கிடக்கும் கற்கள் எவை, எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. கேட்க எளிதாக இருக்கும். செய்யப் போனால், குடுவையிலிருந்து வெளியே எடுத்த கணத்திலிருந்து பக்டீரியா அந்தக் கற்களைச் செலவழிக்கத் தொடங்கிவிடும். ஆகவே வேகமாக வடிக்க வேண்டும். நல்ல தண்ணீரால் கழுவினால் கடற்பக்டீரியா உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே விட்டுவிடும். ஆகவே அது வளர்ந்த அளவு உப்புள்ள நீரால்தான் கழுவ வேண்டும். பிறகு வடிதாளைச் சுடுநீரில் போட்டால் அமினோ அமிலங்கள் நீருக்குள் வந்துவிடும்.

அந்த நீரில் ஒரு துளியைப் பெரிய தாளொன்றின் மூலையில் வைத்து, தாளின் விளிம்பைக் கரைப்பானுக்குள் நிற்க விடுவோம். கரைப்பான் தாளில் ஊறி ஏறும்போது அமினோ அமிலங்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில் நிற்கும். பிறகு தாளைத் திருப்பி இன்னொரு கரைப்பானில் மறுபக்கமாக ஓட விடுவோம். கடைசியில் நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்துச் சூடாக்கினால், வெறும் வெள்ளையாக இருந்த தாளில் ஊதாப் பொட்டுகள் எழும். பெரிய ஊர்களில் இதற்கெல்லாம் இயந்திரம் இருக்கிறது. எங்களிடம் தாள்தான் இருந்தது.

நான் கண்டது இதுதான். குடுவைக்குள் பக்டீரியா இரண்டு மடங்காகும், நான்கு மடங்காகும். ஆனால் ஒரு கலத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால், தனியாகக் கிடக்கும் அமினோ அமிலங்களின் அளவு மாறாமல் நிற்கும். அவற்றில் மிகப் பெரிய பங்கு குளுத்தாமிக் அமிலம். வளர்ச்சி சீராக இருக்கும்வரை அதுவும் சீராக இருக்கும். வரைபடத்தைப் பேராசிரியரிடம் கொண்டுபோனபோது அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

“நல்ல நேர்கோடு” என்றார்.

பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வடிதாள் காணாமற்போன அடுத்த கிழமை இன்னொன்று நடந்தது. வழக்கம்போல என் மேசை லாச்சியிலிருந்து புதிய தாளொன்றை எடுத்து, துளி வைத்து, ஓட விட்டு, காலையில் காய வைத்து மருந்தைத் தெளித்தேன். உலர்த்தும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தபோது, பொட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் பொட்டுகள் இருந்தன. அவற்றோடு, தாளின் மேல் ஓரத்தில், எந்தத் துளியும் போயிருக்க முடியாத இடத்தில், ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. ஒவ்வொரு ரேகையும் ஊதா நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது.

மனிதனுடைய வியர்வையிலும் அமினோ அமிலம் இருக்கிறது. வெறும் கையால் தொட்ட தாளில் நின்ஹைட்ரின் தெளித்தால் தொட்டவருடைய விரல் தெரியும். அதனால்தான் நான் கையுறை போடாமல் அந்தத் தாள்களைத் தொடுவதே இல்லை. அந்தத் தாள்கட்டைப் பிரித்தது நான்தான். லாச்சியில் வைத்ததும் நான்தான். இருந்தும் என் விரலை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அது என் விரலைவிட அகலம். நடுவே ஒரு கோடு குறுக்காக ஓடியது. அந்தக் கோட்டில் ரேகை இல்லை.

யாரோ என் லாச்சியைத் திறந்து தாள் எடுத்திருக்கிறார்கள். எடுத்தபோது அடுத்த தாளில் விரல் பட்டிருக்கிறது. வடிதாளை எடுத்தவரும் அவராகத்தான் இருக்க வேண்டும். லாச்சியைப் பூட்டும் திறப்பு அலுமாரிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். அது அங்கே இருப்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பேராசிரியருக்கு என் தாளைத் திருட வேண்டிய தேவையில்லை. கேட்டால் கொடுப்பேன். ஆகவே மிச்சம் ஒருவர்தான்.

அதுவரை கவனிக்காததையெல்லாம் அதன்பிறகு கவனிக்கத் தொடங்கினேன். நான் உள்ளே வரும்போது ராத்தா போனில் கதைப்பதை நிறுத்துவார். கழுவும் நீரில் எவ்வளவு உப்புப் போடுகிறாய் என்று ஒருமுறை கேட்டார், பிறகு அதையே இன்னொருமுறையும் கேட்டார். அவருடைய கருவாட்டுப் பக்டீரியாவில் வேலை சரியாகப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். பேராசிரியரின் அறையிலிருந்து அவர் வெளியே வந்த ஒரு நாள், என்னைக் கண்டதும் ஒருகணம் நின்றுவிட்டு, பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கீழே வீதியில் இறங்கி மெல்ல நடப்பதை நான் யன்னலால் பார்த்தேன். அந்த யன்னல் அவருடைய பக்கத்து யன்னல் என்பதுகூட அப்போது என் எண்ணத்தில் வரவில்லை.

மத்தியானத்தில் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். அவர் கிண்ணியாவிலிருந்து சட்டித் தயிர் கொண்டுவந்தால் எனக்கும் ஒரு கிண்ணத்தில் வைப்பார். நான் தலையிடி என்றேன், வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றேன். சாப்பிடும் நேரத்தில் பிரீசரைப் பார்த்தபடி இருக்கலாம் என்பதுதான் உண்மை. குப்பிகளின் மூடியிலிருந்து கழுத்து வரைக்கும் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்தேன். எவராவது மூடியைத் திறந்து மூடினால் மேலே உள்ள கோடும் கீழே உள்ள கோடும் நேராக நிற்காது. வெள்ளிக்கிழமை மாலை எல்லாம் நேராக இருந்தன. திங்கட்கிழமை காலை இரண்டு குப்பிகளில் கோடு விலகியிருந்தது. ஒன்றில் தாளும் இல்லை.

சனிக்கிழமை ராத்தா வேலைக்கு வந்திருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ராத்தாவின் விரல் அடையாளத்தை எடுப்பது கடினமாக இருக்கவில்லை. ஒரு துண்டுத் தாளை அவரிடம் நீட்டி, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ, நேராக வெட்ட வேண்டும் என்றேன். அவர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு விரல்களால் பிடித்தார். நான் நடுவே வெட்டினேன். அவர் போனபிறகு மருந்தைத் தெளித்துச் சூடாக்கினேன். யாரையோ பிடித்துவிடப்போகிறோம் என்ற நினைப்போடு பெட்டிக் கதவைத் திறந்தேன்.

வந்தது சிறிய விரல். ரேகைகள் வட்டமாகச் சுற்றி எங்கேயும் முறியாமல் இருந்தன. குறுக்குக் கோடு இல்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மற்றக் கையாய் இருக்கலாம் என்று நினைத்தேன். வேறொருவரை அனுப்பியிருக்கலாம் என்றும் நினைத்தேன். சந்தேகத்துக்கு இடம் கொடுத்துவிட்டால் சான்று எதிராக வந்தாலும் அது எழுந்து போவதில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக்காசு தரும்போது அவருடைய பெருவிரலைப் பார்த்தேன். சந்தையில் மீன் வெட்டுபவரின் விரலைப் பார்த்தேன். கட்டடத்தின் காவலாளி வரவுப் பதிவில் என் பெயருக்கு நேரே விரலை வைத்துக் காட்டியபோது பேனையை வாங்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் பேராசிரியர் ஒரு படத்தைக் காட்டுவதற்காக என்னை அறைக்குக் கூப்பிட்டார். போனை எடுத்துத் திறக்கப் பெருவிரலை வைத்தார். திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். திறக்கவில்லை.

“இது என்ட விரலை ஒருநாளும் நம்பாது” என்றார், பொதுவாக. சிறுவயதில் நிலாவெளிக் கரையில் விளையாடும்போது உடைந்த போத்தல் வெட்டியது என்று சொல்லி, விரலைத் திருப்பிக் காட்டினார்.

குறுக்காக ஒரு தழும்பு.

படத்தில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. நான் என் மேசைக்குப் போய் ஊதா விரல் பதிந்த தாளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அவருடைய மேசையில் வைத்தேன். அவர் தாளைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். மறுப்பார் என்று நான் காத்திருந்தேன்.

“ஓம்” என்றார். “நான்தான் எடுத்தனான்.”

“ஏன் சேர்? கேட்டிருந்தால் தந்திருப்பனே.”

“கேட்டால் நீங்கள் எதைத் தருவீங்களோ, அதைத்தானே நான் பார்க்கலாம்.”

கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. அலுமாரியைத் திறந்து சுருட்டி வைத்திருந்த தாள்களை எடுத்து மேசையில் விரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வந்து, என் வடிதாள்களைச் சுடுநீரில் போட்டு, என் தாள்களிலேயே ஓட்டியிருக்கிறார். ராத்தா கோடுகளை விலக்கவில்லை. பேராசிரியர்தான் விலக்கியிருக்கிறார்.

அவருடைய தாள்களில் குளுத்தாமிக் அமிலப் பொட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில், என் தாள்களில் மங்கலாக மட்டுமே தெரியும் செரினும் கிளைசினும் கடும் ஊதாவாகப் பெருத்துக் கிடந்தன. வளரும் பக்டீரியாவின் தாள்போல அது இல்லை.

“இது உங்கட வடிதாள். இதில வந்தது இது. நீங்கள் எனக்குக் கொண்டுவந்து காட்டினதில ஏன் இது இல்லை?” அவர் குரலை உயர்த்தவில்லை. “உண்மையைச் சொல்லட்டா? போத்தலில இருக்கிற சுத்தமான குளுத்தாமிக் அமிலத்தைக் கரைச்சுத் தாளில விடுறீங்களோ எண்டு எனக்கு ஒரு யோசினை. கோடு அவ்வளவு நேரா வருது.”

அழுகை வரும் என்று பயந்தேன். ஆனால் வந்தது வேறொன்று. அவர் விரித்த தாள்களின் ஓரங்களைப் பார்த்தேன். எல்லா ஓரங்களிலும் விரல்கள் இருந்தன. பெருவிரல், சுட்டுவிரல், ஓரிடத்தில் உள்ளங்கையின் பாதி.

“சேர், நீங்கள் கையுறை போட்டனீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை, மின்விசிறி வேலை செய்யவில்லை, வெக்கை, அவசரம் என்று ஏதோ சொன்னார். போடவில்லை.

“வடிதாளைக் குப்பியிலிருந்து எப்படி எடுத்தனீங்கள்? சாவணத்தாலயா?”

“அது குப்பியின்ட அடியில ஒட்டியிருந்தது. விரலால சுரண்டித்தான் எடுத்தனான்.”

எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கும் அந்தக் கணத்தில் விளங்கியிருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் விளங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் விவாதிக்கவில்லை. பக்டீரியாவே படாத புது வடிதாள் ஒன்றைக் கொண்டுவந்து, இதை அன்று சுரண்டியதுபோல ஒருமுறை விரலால் சுரண்டித் தாருங்கள் என்று கேட்டேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்தார். அவர் முன்னிலையிலேயே அதைச் சுடுநீரில் போட்டேன். துளி வைத்தது அவர். தாளை ஓட விட்டது அவர். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் இருவரில் எவரும் மற்றவரைத் தனியே விட்டுப்போக விரும்பவில்லை. அதனால் போகும்போது அறையைப் பூட்டித் திறப்பைக் கீழே காவலாளியிடம் கொடுத்தோம்.

தாள் காய்ந்த பிறகு மருந்து தெளித்துச் சூடாக்கினோம். செரின் வந்தது. கிளைசின் வந்தது. அவருடைய தாள்களில் எங்கே நின்றனவோ அங்கேயே, அதே கடும் நிறத்தோடு நின்றன. குளுத்தாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடம் ஏறக்குறைய வெள்ளையாக இருந்தது. அவர் என்மேல் வைத்திருந்த சந்தேகத்துக்கான சான்று முழுவதும் அவருடைய சொந்த வியர்வை.

தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் வேறொரு கதை சொன்னார். பல வருடங்களுக்கு முன், வேறோர் ஊரில், அவருடைய மாணவர் ஒருவர் அளக்காமலேயே அளவுகளை எழுதிக் கொடுத்தாராம். எல்லாம் அழகான நேர்கோடுகளாம். அவை பொய்யென்று வெளியே வந்தபோது மாணவர் வெளிநாடு போய்விட்டார். பெயர் கெட்டது இவருக்கு. அதன்பிறகு நேர்கோட்டைக் கண்டால் நித்திரை வருவதில்லை என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரக்கம் வந்தது. இந்தக் கதையும் இப்போது தேவைக்காகச் சொல்லப்படுகிறதோ என்ற எண்ணமும் கூடவே வந்தது.

“இன்னும் ஒருக்கால் செய்வம்” என்றார். “நாங்கள் ரெண்டு பேரும். எந்தக் குப்பி எது எண்டு எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியக்கூடாது.”

குப்பிகளுக்கு இலக்கம் போடுவதற்கு மூன்றாவது ஆள் வேண்டும். அவர் ராத்தாவைக் கூப்பிட்டார். ஏன் என்று ராத்தா கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். சரி சேர் என்றார். பேராசிரியர் கரைப்பான் எடுக்க வெளியே போனதும், குப்பிகளைத் துடைத்துக்கொண்டே, ராத்தா என்னைப் பார்க்காமல் கதைத்தார்.

“என்ட விரலை எடுத்தனீங்கள், என்ன?”

நான் கையுறையைக் கழற்றினேன்.

“அடுத்த நாள் குப்பைவாளியில கிடந்தது. நானும் நின்ஹைட்ரின் தெளிக்கிற ஆள்தான், தங்கச்சி. என்ட கையை எனக்குத் தெரியாதா?” ஒரு குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “எங்கட வீட்டு ஆம்பிளைகள்ல விரல் பதிஞ்சு குடுக்காத ஆள் இல்லை. சண்டைக் காலத்தில பொலிசும் ஆமியும் அப்பிடி எடுத்தவங்கள். ஆனால் எடுத்தவங்கள் இன்ன விசயத்துக்கு எண்டு சொல்லித்தான் எடுத்தவங்கள். நீங்கள் வெட்டுறதுக்குப் பிடியுங்கோ எண்டு சொன்னீங்கள்.”

நான் வடிதாள் காணாமற்போனதைச் சொன்னேன், லாச்சியைச் சொன்னேன், சனிக்கிழமை நீங்கள் வந்தீர்கள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் சிறியதாகிப்போனது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். உப்பளவை இரண்டுமுறை கேட்டதற்கும் அன்று பேராசிரியரின் அறை வாசலில் நின்றதற்கும் அவரே காரணம் சொன்னார். கருவாட்டுப் பக்டீரியா கழுவும்போது வெடித்துப்போகிறது, உங்கள் அளவைப் பார்த்துத் திருத்தலாம் என்று நினைத்தேன் என்றார். அன்று அறையில் பேராசிரியர் என்னைப் பற்றித்தான் கேட்டாராம். இந்தப் பிள்ளை உண்மையிலேயே வடிக்கிறதைக் கண்ணால் கண்டனீங்களா என்று. தினமும் காண்கிறேன் என்று ராத்தா சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் சொல்வதா விடுவதா என்று தெரியாமல் வாசலில் நின்றிருக்கிறார்.

அதற்குள் பேராசிரியர் வந்துவிட்டார்.

ராத்தா இலக்கம் போட்ட விதத்தில் எந்தச் சலுகையும் இல்லை. வளரும் பக்டீரியா, வளர்ச்சி நின்ற பக்டீரியா, ஒன்றுமே இல்லாத வெறும் வடிதாள், போத்தலிலிருந்து எடுத்த சுத்தமான குளுத்தாமிக் அமிலம் எல்லாவற்றையும் கலந்து வைத்தார். எந்த இலக்கம் எது என்பதைத் தன் போனில் மட்டும் வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் கையுறை போட்டு, சாவணம் பிடித்து, ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்தபடி செய்தோம். தாள்கள் காய்ந்து, பொட்டுகளை வெட்டி, நிறத்தை அளந்து முடித்தபிறகுதான் அவர் இலக்கங்களை வாசித்தார். வளரும் பக்டீரியாவின் தாள்கள் எல்லாம் முன்பு நான் காட்டியதுபோலவே வந்திருந்தன. கலங்கள் பெருகியிருந்தன, ஒரு கலத்துக்கான அளவு நின்ற இடத்தில் நின்றது. வளர்ச்சி நின்றவற்றில்தான் அது விழுந்திருந்தது. ஒரு பங்கைக் கொழும்புக்கு அனுப்பி இயந்திரத்திலும் பார்த்தோம். பொட்டுகள் சொன்னதையே இயந்திரமும் சொன்னது.

பேராசிரியர் மன்னிப்புக் கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி கையுறை வைத்தார். என் ஆய்வை மற்றவர்கள் முன்னிலையில் சமர்ப்பித்த நாளில் ஒருவர் நேர்கோட்டைப் பற்றிச் சந்தேகம் எழுப்பியபோது, பேராசிரியர் எழுந்து, இதை நானே என் கையால் சோதித்துப் பார்த்திருக்கிறேன் என்றார். என் கையால் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார். அது அவருடைய மன்னிப்பா, அல்லது சோதித்ததற்கான பெருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அங்கிருந்த கடைசி நாள்வரை குப்பிகளில் பென்சில் கோடு போடுவதை நிறுத்தவில்லை.

ராத்தா தயிர் கொண்டுவருவார். தன் பாட்டில் சாப்பிடுவார். தங்கச்சி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, நீங்கள் என்று மட்டும் கதைத்தார். கழுவும் நீரின் உப்பளவை நான் எழுதி அவருடைய பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பயன்படுத்தினார், நன்றி என்றார். அவ்வளவுதான். சில மாதங்கள் அப்படிப் போயின.

பிறகு இன்னோர் இடத்துச் சேறும் வேண்டுமென்று பேராசிரியர் சொன்னார். கப்பல்துறைப் பக்கம் போய், வீதியிலிருந்து குடாவின் கரைக்கு இறங்கி எடுத்து வருவது என்று முடிவாயிற்று. தனியாகப் போக வேண்டாம் என்று ராத்தாவையும் அனுப்பினார். ஓட்டோவில் பெட்டியை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு போனோம். கரையில் நான் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று போத்தல்களில் சேறு நிரப்பினேன். அவர் மேலே நின்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

மேலே ஏறி வந்தபோது சீருடையோடு ஒருவர் நின்றார். அங்கே பாதுகாப்புக் கடமையில் இருப்பவர். சிங்களத்தில் ஏதோ கேட்டார். என் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். அவர் ஒரு போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். முகம் சுளித்தார். அடையாள அட்டையைக் கேட்டார். நான் அதை மேசை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அவருடைய பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். ஒவ்வொன்றாகச் சேர்த்து வைக்கும் பார்வை. ஈரமான சட்டை, கறுப்புச் சேறு, அட்டை இல்லை, மொழி தெரியவில்லை. பிறகு அவர் ராத்தாவின் பக்கம் திரும்பி, என்னைக் காட்டி எதையோ கேட்டார். ராத்தாவின் கையில் தன் அட்டை இருந்தது. ராத்தா நினைத்திருந்தால் தன் பாட்டில் நின்றிருக்கலாம்.

ராத்தா சிங்களத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசினார். நீளமாகப் பேசினார். நடுவில் போத்தலைக் காட்டினார், மேலே வீதியைக் காட்டினார், என்னைக் காட்டினார். சீருடைக்காரர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு மூடியைத் தானே திருகி மூடிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையால் போகச் சொன்னார்.

ஓட்டோவில் ஏறிய பிறகுதான் சீருடைக்காரர் என்ன கேட்டார் என்று ராத்தாவிடம் கேட்டேன்.

“இவவை உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும் எண்டு கேட்டவர்.”

“என்ன சொன்னீங்கள்?”

அவர் பெட்டிக்குள் போத்தல்கள் சாயாமல் இருக்கத் தன் சால்வையை மடித்து இடையில் செருகிக்கொண்டிருந்தார்.

“தெரியும் எண்டு சொன்னனான்” என்றார். பிறகு ஓட்டோக்காரரிடம், குலுங்காமல் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னார்.